மலை ஏரிக்கு நடந்து போகவும் சீட்டு!

ரெயிலில் ஏறச் சீட்டு வேண்டும். பஸ்ஸில் ஏறச் சீட்டு வேண்டும். சொந்தக் காலால் நடந்து போவதற்குக்கூடச் சீட்டு வேண்டுமா?

"வேண்டும்" என்கிறது அமெரிக்கா.

அங்கே கலிபோர்னியா மாநிலத்தில் வானத்தை முட்டும் மலைகள் இருக்கின்றன. மலைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன. பெரும்பாலான ஏரிகளுக்கு மோட்டார் போகாது. முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு நாள் கணக்கில் நடக்க வேண்டும். இரவில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும்.

அப்படித் தங்கப் போகிறவர்கள் சர்க்காரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கூட்டம் அதிகமான பாதைகளில், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. கணக்கு முடிந்துவிட்டால் அடுத்தவருக்கு இடம் இல்லை.

"மலை என்ன, சினிமாக் கொட்டகையா?" என்று கேட்கிறவர்கள் அங்கேயும் உண்டு. இந்தக் கணக்கு ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். 2025-ல் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. சீட்டைப் பார்க்கிற காவலர்களையே குறைத்துவிட்டால், அந்த ஏரிகள் என்ன ஆகும்?

பனி தோண்டிய பள்ளங்கள்

அந்த மலைத்தொடரின் பெயர் சியரா நெவாடா. ஸ்பானிய மொழியில் 'பனி மூடிய மலைத்தொடர்' என்று பொருள். அதன் நீளம் சுமார் 400 மைல்.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த மலைகளைப் பனிக்கட்டி ஆறுகள் மூடியிருந்தன. அந்தப் பனிக்கட்டி மெல்ல மெல்ல நகர்ந்தது. நகரும்போது பாறையைச் சுரண்டியது. கிண்ணம் போலப் பள்ளங்கள் விழுந்தன. பிறகு பனி உருகியது. பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது. அவைதான் இன்றைய ஏரிகள்.

தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். இவ்வளவு தெளிவுக்குக் காரணம் என்ன? சுற்றிலும் கருங்கல் பாறை. மண் மிகக் குறைவு. ஆகவே தண்ணீரில் உரச்சத்து இல்லை. உரச்சத்து இல்லாததால் பாசி அதிகம் வளர்வதில்லை.

அழகுக்குக் காரணமே ஆபத்துக்கும் காரணம். கொஞ்சம் அழுக்கு சேர்ந்தாலும் அந்தத் தண்ணீர் தாங்காது. அந்த உயரத்தில் புல் வளர்வது கோடையில் சில வாரங்கள் மட்டுமே. மிதிபட்ட புல் மறுபடி தலை தூக்கப் பல ஆண்டுகள் ஆகும். மரமும் மிக மெதுவாகவே வளரும். எரித்த விறகுக்கு ஈடாக வேறு விறகு லேசில் வராது.

ஐந்து நாள் நடை

கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா 1940-ல் ஏற்பட்டது. அங்கே ரே ஏரிகள் என்று ஓர் ஏரிக் கூட்டம் உண்டு. அவற்றைச் சுற்றி வரும் பாதை சுமார் 41 மைல். அதாவது 66 கிலோமீட்டர். சாதாரணமாக நான்கைந்து நாள் ஆகும்.

மோட்டார் ரோடு முடிகிற இடத்தில் நடை ஆரம்பமாகிறது. அந்த இடத்தின் பெயரே 'ரோட்ஸ் எண்ட்'. சாலை முடிவு என்று பொருள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,000 அடி உயரம்.

முதல் நாள் ஆற்றங்கரை ஓரமாக நடை. வழியில் மிஸ்ட் அருவி. அருவியைத் தாண்டினால் பாரடைஸ் பள்ளத்தாக்கு. முதல் இரவு பலர் அங்கே தங்குவார்கள்.

இரண்டாம் நாள் வுட்ஸ் ஓடையின் பக்கமாக ஏற்றம். மூச்சு வாங்கும். மூன்றாம் நாள் ஏரிகள் தலை காட்டும். முதலில் டாலர் ஏரி. அடுத்து ஆரோஹெட் ஏரி. பிறகு ரே ஏரிகள். உயரம் சுமார் 10,500 அடி. மீன் துடுப்பைப் போல ஒரு பாறை மலை கரையில் நிற்கிறது. அதற்குப் பெயரே 'துடுப்பு மலை' என்று பொருள்படும் ஃபின் டோம்!

நான்காம் நாள்தான் கடினம். கிளென் கணவாயைத் தாண்ட வேண்டும். அதன் உயரம் 11,978 அடி. ஜூலை மாதத்தில்கூடப் பாதையில் பனி கிடப்பது உண்டு. காற்றில் பிராண வாயு குறைவு. பத்து அடி வைத்தால் நிற்கத் தோன்றும். பிற்பகலில் இடி மின்னல் வரலாம். ஆகவே காலையிலேயே உச்சியைத் தாண்டிவிடப் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகு இறக்கம். பப்ஸ் ஓடையின் பக்கமாக இறங்கி, ஐந்தாம் நாள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த வழி அல்ல. வெள்ளையர் வருவதற்கு முன்பே மோனோ, பையூட் மக்கள் இந்த மலைத்தொடரைக் கடந்து வியாபாரம் செய்தார்கள். மலைக்குக் கிழக்கே இருந்து, அம்பு முனை செய்யும் கண்ணாடிக் கல் வந்தது. மேற்கே இருந்து ஓக் மரக் கொட்டைகள் போயின. அவர்கள் கடந்த கணவாய்களில் இன்று விடுமுறைப் பயணிகள் நடக்கிறார்கள்.

முதுகில் ஒரு வீடு

வழியில் கடை இல்லை. சத்திரம் இல்லை. கூடாரம், படுக்கை, அடுப்பு, உணவு, கம்பளிச் சட்டை, மருந்து எல்லாமே முதுகில்தான். சுமார் 15 கிலோ சுமை.

தண்ணீர் மட்டும் வழியெல்லாம் கிடைக்கும். அதையும் அப்படியே குடிக்கக்கூடாது. வடிகட்ட வேண்டும். அல்லது காய்ச்ச வேண்டும்.

குளிர்காய நெருப்பு மூட்டலாமா? இந்தப் பூங்காவில் 10,000 அடிக்கு மேல் விறகு நெருப்புக்குத் தடை. சிறிய எரிவாயு அடுப்பில் சமைக்க வேண்டியதுதான்.

கரடி திறக்க முடியாத டப்பா

மூட்டையில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது ஒரு கெட்டியான டப்பா. உணவெல்லாம் அதற்குள்தான் இருக்க வேண்டும். பற்பசையைக்கூட வெளியே வைக்கக்கூடாது. மனிதன் திறக்கலாம். கரடி திறக்க முடியாது!

சியராவில் கருங்கரடிகள் இருக்கின்றன. அவை மனிதனைத் தேடி வருவதில்லை. மனிதனின் சாப்பாட்டைத் தேடித்தான் வருகின்றன. முன்பு உணவைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். கரடிகள் அதையும் எடுக்கக் கற்றுக்கொண்டன.

பக்கத்தில் உள்ள யோசெமிட்டி பூங்காவில், 1998-ல் மட்டும் கரடித் தொல்லை 1,500 தடவைக்கு மேல் நடந்தது. கார் கதவுகளைக்கூடக் கரடிகள் பிய்த்து எறிந்தன. பிறகு டப்பாவும் இரும்புப் பெட்டிகளும் வந்தன. தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது.

இந்தச் சட்டம் மனிதனுக்காக மட்டும் அல்ல. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி, மனிதனைக் கண்டு பயப்படாது. மறுபடி மறுபடி வரும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வரும். டப்பாவை மூடாத பயணி வீட்டுக்குப் போய்விடுவார். உயிர் போவது கரடிக்குத்தான்.

கழிவும் கூடவே வரும்

சாப்பாட்டுக்குச் சட்டம் இருப்பதைப் போல, கழிவுக்கும் சட்டம் இருக்கிறது. தண்ணீரை விட்டு நன்றாகத் தள்ளிப் போக வேண்டும். அரை அடி ஆழம் பள்ளம் தோண்ட வேண்டும். பிறகு மூட வேண்டும். உபயோகித்த காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

தெற்கே விட்னி சிகரத்தில் சட்டம் இன்னும் கடுமை. அதன் உயரம் 14,505 அடி. அங்கே தோண்ட மண்ணே இல்லை. எல்லாம் பாறை. முன்பு மலைமேல் கக்கூசு கட்டியிருந்தார்கள். கழிவை ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவந்தார்கள். கட்டுப்படி ஆகவில்லை. 2006-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள். அவரவர் கழிவை அவரவரே பையில் கட்டிச் சுமந்து இறங்க வேண்டும் என்று ஏற்பாடு.

கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் பகலில் போய்த் திரும்புகிறவர்கள் 100 பேர், தங்கிப் போகிறவர்கள் 60 பேர் என்று அங்கே ஒரு நாளைக்கு 160 பேருக்கு அனுமதி உண்டு. இத்தனை பேரின் கழிவும் பாறை மேல் கிடந்தால்? பனி உருகும்போது அது எங்கே போகும்? ஓடைக்கும் ஏரிக்கும்தான்.

ஓய்வு எடுக்கும் ஏரி

ஒரு காலத்தில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 1892-ல் சியரா கிளப் என்ற சங்கம் ஏற்பட்டது. இயற்கை அறிஞர் ஜான் மியூர் அதன் முதல் தலைவர். 1901 முதல் அந்தச் சங்கம் கோடைதோறும் மலைப் பயணம் நடத்தியது. நூறு பேருக்கு மேல் கூட்டமாகப் போவார்கள். சாமான்களைக் கோவேறு கழுதைகள் சுமக்கும். மலையைப் பார்த்தவர்கள் அதை நேசிப்பார்கள், நேசிப்பவர்கள் காப்பாற்றுவார்கள் என்பது சங்கத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பலித்தது. மலைகளைக் காக்கச் சட்டங்கள் வந்தன.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. நைலான் கூடாரமும் அலுமினியச் சட்டம் வைத்த மூட்டையும் வந்தன. சுமை குறைந்தது. ஆள் பெருகியது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுதானே!

ரே ஏரிகளுக்குத் தெற்கே புல்ஃபிராக் ஏரி இருக்கிறது. பார்த்தவர்கள் கண்ணை எடுக்க முடியாத இடம். எல்லோரும் அங்கேயே கூடாரம் போட்டார்கள். கழுதைகளும் குதிரைகளும் மேய்ந்தன. கரை கட்டாந்தரை ஆனது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே தங்குவதற்குத் தடை வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தத் தடையை எடுக்கவில்லை. போகலாம், பார்க்கலாம். தங்கக்கூடாது.

1964-ல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வனாந்தரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த நிலங்களில் மனிதன் வந்து போகும் விருந்தாளி மட்டுமே என்பது சட்டத்தின் கருத்து. தொடக்கத்தில் 91 லட்சம் ஏக்கர் அதற்குள் வந்தது. இப்போது 11 கோடி ஏக்கருக்கு மேல் இருக்கிறது. 1970-களில் சீட்டும் ஆள் கணக்கும் வந்தன.

வானத்திலிருந்து விழுந்த மீன்

கெடுதல் செய்வது கெட்ட எண்ணம் மட்டும் அல்ல. நல்ல எண்ணமும் செய்யும்.

சியராவின் உயர்ந்த ஏரிகள் பெரும்பாலானவற்றில் முன்பு மீனே கிடையாது. அருவிகளைத் தாண்டி மீன் ஏற முடியாது. தூண்டில் போட வருகிறவர்கள் ஏமாறக்கூடாது என்று சர்க்கார் நினைத்தது. முதலில் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போய் டிரவுட் மீன் குஞ்சுகளை விட்டார்கள். பிறகு ஆகாய விமானத்திலிருந்தே ஏரியில் கொட்டினார்கள்.

மீன் பெருகியது. தவளை குறைந்தது! அந்த ஏரிகளில் மஞ்சள் கால் தவளை என்ற இனம் இருந்தது. அதன் தலைப்பிரட்டைகளை மீன்கள் தின்றுவிட்டன. போதாததற்கு, தோலைத் தாக்கும் ஒரு காளான் நோயும் வந்தது. முன்பு வாழ்ந்த இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தத் தவளைகள் இல்லாமல் போயின. 2014-ல் அவை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டன.

விட்ட மீனை மறுபடி பிடிக்க வேண்டிய நிலை வந்தது. 2001 முதல், தேர்ந்தெடுத்த சில ஏரிகளில் வலை போட்டு மீன்களை அகற்றினார்கள். அங்கே தவளைகள் பெருகின. யோசெமிட்டியில், நோயைத் தாங்கிப் பிழைத்த தவளைகளை வேறு ஏரிகளில் கொண்டுபோய் விட்டார்கள். பல இடங்களில் அவை வேரூன்றிவிட்டன என்று 2024-ல் ஆராய்ச்சி முடிவு வெளியானது. கெடுத்தவர்களே திருத்தவும் முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அதற்கு ஆள் வேண்டும். பொறுமை வேண்டும். பல ஆண்டுகள் வேண்டும்.

வாசலில் மட்டும் கணக்கு

சீட்டு முறையின் சூட்சுமம் என்ன? பெரும்பாலும் கணக்கு பாதையின் தொடக்கத்தில்தான். ஒரு நாளைக்கு இத்தனை பேர் உள்ளே போகலாம். போன பிறகு சுதந்திரம். பொதுவான சட்டங்களை மீறாமல், விரும்பிய வேகத்தில் நடக்கலாம். காவலர் பின்னாலேயே வரமாட்டார். வாசலில் கொஞ்சம் கட்டுப்பாடு, உள்ளே நிறையச் சுதந்திரம்!

இந்தப் பகுதியை ஒட்டியே ஜான் மியூர் பாதையும் போகிறது. அதன் நீளம் 211 மைல். நடந்து முடிக்க மூன்று வாரம் ஆகும். அதற்கு ஆசைப்பட்டவர்கள் சில ஆண்டுகளுக்குள் இரண்டு மடங்கு ஆனார்கள். யோசெமிட்டியிலிருந்து டோனஹியூ கணவாய் வழியாக வெளியேற ஒரு நாளைக்கு 45 பேர் என்று 2015-ல் கணக்கு வைக்க வேண்டியதாயிற்று.

குறையும் இருக்கிறது. சீட்டு கம்ப்யூட்டர் மூலம் பல மாதம் முன்பே விற்றுவிடுகிறது. ஆறு மாதம் கழித்து எப்போது லீவு கிடைக்கும் என்று எல்லாத் தொழிலாளிக்கும் தெரியுமா? இதற்காகத்தான் யோசெமிட்டியில் 60 சதவீதச் சீட்டைக் குலுக்கலில் முன்கூட்டியே கொடுக்கிறார்கள். மீதி 40 சதவீதத்தைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு கொடுக்கிறார்கள். குறை முழுவதும் தீரவில்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மலையில் மறைந்த காவலர்

கோடையில் மலைமேல் சின்னக் குடிசைகளில் காவலர்கள் தங்குகிறார்கள். ரே ஏரிகள் அருகிலும் ஒரு குடிசை உண்டு. வழி தவறியவரைத் தேடுவது அவர்கள் வேலை. கால் ஒடிந்தவரைக் காப்பாற்றுவது அவர்கள் வேலை. அணையாத நெருப்பை அணைப்பதும், மற்றவர் விட்டுப்போன குப்பையைச் சுமப்பதும் அவர்கள் வேலைதான்.

ராண்டி மார்கன்சன் என்பவர் இங்கே 28 கோடைகாலம் காவலராக இருந்தார். 1996 ஜூலை மாதம் ரோந்துக்குத் தனியாகப் புறப்பட்டார். திரும்பவில்லை. எத்தனையோ பேரைத் தேடிக் கண்டுபிடித்தவரை, சக காவலர்கள் நாள் கணக்கில் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2001-ல், ஓர் ஓடையில் அவருடைய எச்சங்கள் கிடைத்தன. அப்போதுதான் அவர் கதி தெரிந்தது. அவருக்கு வயது 54.

2025-ல் நடந்தது என்ன?

2025 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் மறுபடி ஜனாதிபதி ஆனார். சர்க்கார் செலவைக் குறைக்க வேண்டும் என்றார். பிப்ரவரியில் தேசியப் பூங்கா இலாகாவில் சுமார் 1,000 பேர் வேலையை இழந்தார்கள். வன இலாகாவில் 2,000 பேருக்கு மேல் இழந்தார்கள். வழக்கு நடந்தது. மார்ச்சில் கோர்ட்டு உத்தரவால் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். வேறு பலர் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நிரந்தர ஊழியர்களில் சுமார் 24 சதவீதம் பேர் குறைந்துவிட்டதாக, பூங்காக்களுக்காகப் பாடுபடும் ஒரு சங்கம் ஜூலையில் கணக்குச் சொன்னது.

அக்டோபர் 1-ந் தேதி இன்னொரு இடி. பட்ஜெட் தகராறில் மத்திய சர்க்கார் அலுவலகங்கள் மூடப்பட்டன. நவம்பர் 12-ந் தேதி வரை, 43 நாள்! பூங்கா ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்புவது என்று திட்டம். ஆனால் பல பூங்காக்களின் வாசல் திறந்தே இருந்தது.

இதே போல் 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் சர்க்கார் மூடிக் கிடந்தது. அப்போது கலிபோர்னியாவின் ஜோஷுவா மரப் பூங்காவில் சிலர் மரங்களை வெட்டினார்கள். பாதையை விட்டுப் பாலைவனத்தில் வண்டி ஓட்டினார்கள். பல பூங்காக்களில் கக்கூசுகள் நிரம்பி வழிந்தன.

செலவைக் குறைப்பது தவறு அல்ல. எந்த வீட்டிலும் வரவுக்குள் செலவு செய்ய வேண்டும். ஆனால் எதைக் குறைப்பது என்று பார்க்க வேண்டாமா? சீட்டைக் கம்ப்யூட்டர் கொடுத்துவிடும். ஏரிக்கரையில் அணையாத நெருப்பைக் கம்ப்யூட்டர் அணைக்குமா? கரடி டப்பாவை மூடச் சொல்லி அது எடுத்துச் சொல்லுமா? காலொடிந்தவரைத் தூக்கி வருமா?

கெடுதல் உடனே கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. இந்த ஆண்டு காவலர் இல்லாவிட்டாலும் ஏரி அழகாகவே இருக்கும். அடுத்த ஆண்டும் இருக்கலாம். கரையில் புல் போனதும், தவளைச் சத்தம் நின்றதும் பிறகுதான் தெரியும். அப்போது புல்ஃபிராக் ஏரிக்கு வந்த கதி மற்ற ஏரிகளுக்கும் வரும்.

ஏரிக்கு வாய் கிடையாது. "இன்றைக்கு வந்தவர்கள் போதும்" என்று அது சொல்லாது. அதற்காகப் பேசுவது அந்தச் சீட்டுதான். அந்தச் சீட்டுக்கு மதிப்புக் கொடுப்பது, மலையில் நிற்கும் ஒரு மனிதன்.